இல்லாத புளியமரத்துக்கு வழி

எங்கள் ஊரை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சூளைமேட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒரு தடவை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இலைக்காரியிடம் சொல்வதுபோல என் காதில் விழும்படி, "அந்த அத்துவானத்துல எப்டித்தான் குடித்தனம் பண்றாங்களோ" என்றாள். நான் விடுவேனா? "உன் வூட்டு ஜன்னலத் தொறந்தா எதிர்வூட்டு பாத்ரூம் தெரியுது. என் வூட்டு ஜன்னலத் தொறந்தா ஏரி தெரியுது. யாரு எப்டி இருக்கோம்னு நீயே சொல்லு" என்றேன். அதற்கப்புறம் பாயசம் வரும் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே வருகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். இதை ஊர் என்பதா நகரம் என்பதா என்று எனக்கே தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒரு பக்கம் ஏரி. ஏரிக்கு அந்தாண்டை இன்னமும் நெல் வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கம்பெனி மதில். காலையில் மாடுகள் ரோட்டைக் கடக்கிற நேரமும் கம்பெனி பஸ்கள் வருகிற நேரமும் ஒன்று. மாட்டைப் பார்த்து ஹார்ன் அடிக்கிற டிரைவர் புதுசு என்று அர்த்தம். பழைய டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசி மாடு போகும் வரைக்கும் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு கம்பெனி பஸ்தான் ஓட்டுகிறார். எங்களுக்கும் நிலம் இருந்தது, கம்பெனிக்குப் போயிற்று. அதை நினைத்து நான் ஒப்பாரி வைப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மழை தவறினால் அந்த வருஷம் முழுக்க உலை வைக்க யோசிக்கிற நிலம் அது. களை பறித்துப் பறித்து என் இடுப்பு போனதுதான் மிச்சம். இன்றைக்கு எங்கள் தெருவில் வேலைக்குப் போகாத பெண்பிள்ளை ஒருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, காலை ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கென்று ஓர் அண்டாவைத் தனியாக மூடி வைக்கிறோம். அதை வேறு யாரும் தொட முடியாது. தொட்டால் நான் கரண்டியோடு நிற்பேன்.

இவ்வளவு பெருமையடிக்கிறேனே, எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். வழி சொல்வதுதான். எங்களிடம் யாராவது வழி கேட்டால், இப்போது இருப்பதை வைத்துச் சொல்ல மாட்டோம்; முன்னால் இருந்ததை வைத்துத்தான் சொல்வோம். பெரிய ரோட்டில் எங்கள் ஸ்டாப்பிங்குக்குப் பேர் புளியமரம். ரோட்டை அகலம் பண்ணியபோதே மரத்தை வெட்டிவிட்டார்கள், வேர்கூட இல்லை. இருந்தாலும் கண்டக்டர் இன்றைக்கும் "புளியமரம்லாம் எறங்கு" என்றுதான் கத்துவார். அங்கிருந்து உள்ளே திரும்புகிற முனையில் பெரிய கிணறு. அதை மூடிப் பெட்ரோல் பங்க் கட்டிவிட்டார்கள். அப்புறம் வயலுக்குத் தண்ணீர் இறைத்த மோட்டார் கொட்டாய். அது இப்போது பைக் ஷோரூம். அப்புறம் ரைஸ்மில். அது பையன்கள் தங்குகிற ஹாஸ்டல் ஆகிவிட்டது. ரைஸ்மில்லுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் வீடு.

எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. பழசை நினைத்து உருகுகிறோம் என்றும் இல்லை. அது முகவரி, அவ்வளவுதான். பீரோ கொண்டுவந்த வண்டிக்காரன் அரை நாள் சுற்றிவிட்டு வந்து, "ஏம்மா, ரைஸ்மில்லு ரைஸ்மில்லுன்னியே, எங்கம்மா கீது?" என்று கத்தியபோதுகூட, "ஹாஸ்டலப் பாத்தியா? அதாம்பா ரைஸ்மில்லு" என்று நான்தான் அவனுக்குக் கோபமாகப் பதில் சொன்னேன். போனில் மேப் போட்டாலும் எங்கள் வீடு ஏரிக்குள் இருப்பதாகக் காட்டும். தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும் என்று ஒரு மிதப்பு எங்கள் எல்லோருக்குமே இருந்தது.

எங்கள் ஒரே பிள்ளை ஓசூரில் வேலையில் இருக்கிறான். வீட்டின் பின்பக்கம் போர்ஷன் போர்ஷனாகத் தடுத்துக் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் கறாரானவள். மோட்டார் போடுகிற நேரத்தில் துணி துவைக்கக் கூடாது, கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது, இப்படி நிறைய சட்டம். பெண்கள் எனக்கு 'சூப்ரவைசர் அக்கா' என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

கடைசி போர்ஷனில் இரண்டு பேர். ஒருத்தி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். அம்மா பீடி சுற்றுகிறவள், அப்பா இல்லை. சிரித்தாலும் சத்தம் வராது, கோபப்பட்டாலும் சத்தம் வராது. அடுத்த மாசம் லைன் லீடர் ஆக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி ஒடிசாக்காரி. அவள் இதற்கு நேர்மாறு. எங்கள் தெரு நாய்களோடுகூடப் பேசுவாள். தமிழை லைனில் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். "அக்கா, இன்னிக்கு தண்ணி வருது இல்லே, நான் குளிக்கது இல்லே" என்பாள். நான் திருத்துவேன், மறுநாளும் அதையே சொல்வாள்.

தென்காசிப் பெண்ணின் அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வாள். மகளிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம் தனியாக ஒரு வார்த்தை. எப்போதும் அதே வார்த்தைதான். "ஒங்கள நம்பித்தான் விட்டுருக்கேன் கேட்டீங்களா." நானும் எப்போதும், "எம்பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்மா, நீ நிம்மதியா இரு" என்பேன். அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள். பெண்கள் இரண்டு பேரும் காலை ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. யாரோ வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத இடம்; இடுப்பளவு புல். அதை ஒட்டித்தான் துணிக்கொடி கட்டியிருந்தோம். வானம் மறுபடி இருட்டியதும் தென்காசிப் பெண் துணி எடுக்கப் போனாள். காற்றில் ஒரு சட்டை புல்லுக்குள் விழுந்துவிட்டது. எடுக்கக் காலை வைத்திருக்கிறாள்.

நான் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, ஏதோ தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில், "எக்கா, பாம்பு கடிச்சிருச்சு" என்றாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு பொட்டு, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புல் ஓரத்தில் அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். முதுகில் சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. கண்ணாடி விரியன்.

அவளை உட்கார வைத்தேன். கொடியை அறுத்துக் காலில் இறுக்கிக் கட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டாதீங்கக்கா. கட்டக்கூடாதுன்னு சேஃப்டி கிளாஸ்ல சொல்லிருக்காங்க. காலை ஆட்டாம வச்சிருந்தா போதும்." பாம்பு கடித்த பெண் எனக்குத் தைரியம் சொல்கிறாள். வீட்டுக்காரர் டிரிப்பில் இருந்தார். தெருமுனை ஆட்டோ ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தது. பைக்கில் வைத்துக்கொண்டு அந்தக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசு வரவில்லை. நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். உடனே வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பியும் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டிரைவரே என் நம்பருக்குப் பேசினான். குரலைக் கேட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன் மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துக்குப் புதுசு.

"மேடம், ஒரகடம் தாண்டிட்டேன். எங்க திரும்பணும்?"

"நேரா வாப்பா. புளியமரம் வரும். அங்க உள்ள திரும்பு. பெரிய கெணறு, மோட்டார் கொட்டா எல்லாம் தாண்டி ரைஸ்மில்லாண்ட வந்துடு. எதிர் சந்து."

"புளியமரம்னு ஒண்ணும் தெரியலயே மேடம்."

"மரம் இல்லப்பா, ஸ்டாப்பிங்கு."

"ஸ்டாப்பிங்ல ஏதோ பிளாட் விக்கிற விளம்பரம்தான் போட்டிருக்கு மேடம்."

நான் மறுபடியும் புளியமரத்திலிருந்தே ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிற மனுஷர். அவருக்குத் தெரியாத வரப்பு கிடையாது. "தம்பி, புளியமரம் தெரிலன்னா வுட்டுடு. பழைய போஸ்டாபீஸ் தெரியுமா? அதுக்கு இந்தாண்ட மதகு ஒண்ணு இருக்கும்…" போஸ்டாபீஸ் இருந்த இடத்தில் இப்போது ஏ.டி.எம். மதகு மண்ணுக்குள் போய்விட்டது. பால் சொசைட்டிக்காரர் அவரிடமிருந்து போனைப் பிடுங்கி, "யோவ் பெருசு, நீ கம்முனு இரு. தம்பி, வேலிகாத்தான் தோப்பு வருதா பாரு" என்றார். அந்தச் சீமைக்கருவேலத் தோப்பு இப்போது ஒரு கம்பெனியின் லாரி நிற்கிற இடம். தெருவே கூடி நின்று, அந்தப் பையனை இல்லாத இடங்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் வாயில் வேறு பேர் வரவில்லை.

அப்போது சைரன் சத்தம் கேட்டது. வந்துவிட்டது என்று எல்லோரும் சந்து முனைக்கு ஓடினோம். சத்தம் பெரிதாகி, இன்னும் பெரிதாகி, பெரிய ரோட்டோடு எங்களைக் கடந்து, படப்பைப் பக்கமாகத் தேய்ந்துபோயிற்று. திரும்பி ஓடி வந்து பார்த்தேன். அவள் கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கையால் துடைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அவள் அம்மாவிடம் சொன்ன வார்த்தை எனக்குள் கல்லாக இறங்கியது.

"அக்கா, போன் குடு" என்றாள் ஒடிசாக்காரி.

இவளுக்கு என்ன தெரியும், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்றுதான் நினைத்தேன். நான் வாங்கிக் கொடுப்பதற்குள் அவளே சொசைட்டிக்காரர் காதிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, வண்டி நிறுத்து. இப்போ நீ எங்க நிக்குது? கண்ல என்ன தெரியுது, அது சொல்லு… நீலம் கம்பெனியா? செகண்ட் கேட்டா, தேர்ட் கேட்டா? தேர்ட் கேட்டு. சரி, நீ ரொம்ப போயாச்சு. யூ டர்ன் எடு. ரெண்டு கேட் தாண்டு. ரைட் சைட் பெட்ரோல் பங்க், பக்கத்துல சிவப்பு பிரியாணி கடை. நடுவுல ரோடு, உள்ள வா. பைக் ஷோரூம் வரும், பெரிய கண்ணாடி. வந்துச்சா? நேரா. பாய்ஸ் ஹாஸ்டல், மாடி ஃபுல்லா துணி தொங்குது. அங்க லெப்ட். நான் ரோட்ல நிக்குது. எல்லோ சுடிதார்."

அவள் ஓடிப்போய்ச் சந்து முனையில் நின்றாள். சைரன் மறுபடி கேட்டது. இந்தத் தடவை தேயவில்லை. வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு அழுகையும் வந்தது, இன்னொன்றும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. பெருமை. பெட்ரோல் பங்க், ஷோரூம், பிரியாணிக் கடை, ஹாஸ்டல் என்று அவள் சொல்லிக்கொண்டே போனபோது, இத்தனையும் என் ஊரா என்று இருந்தது. நாங்கள் முன்னால் இருந்ததையே சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் இப்போது எவ்வளவு பெரிசாக நிற்கிறது என்பதை, எங்கிருந்தோ வந்த ஒரு பெண் அரைகுறைத் தமிழில் சொல்லித்தான் நான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் தென்காசிப் பெண்ணின் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்தார்கள். உறைய வேண்டும், உறையவில்லை. விஷமுறிவு மருந்தைக் குளுக்கோஸோடு ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு நர்ஸ் வெளியே வந்து, "இந்தப் பொண்ணுக்கு நீங்க யாரு?" என்றாள்.

"வூட்டு ஓனரும்மா."

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமா சட்டைகூடப் போடாமல் துண்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். பால் சொசைட்டிக்காரர் கறவை நேரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். சர்ச் தெருவில் புதிதாக வீடு கட்டி வந்த அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னோடு தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்திவிட்ட எதிர்வீட்டுக்காரி, பிளாஸ்க்கில் காபியோடு என் பக்கத்தில் நின்றாள். என் வீட்டுக்காரர் டிரிப்பை முடித்த கையோடு, யூனிஃபார்மும் கழுத்தில் ஐடி கார்டுமாக லைன் பெண்கள் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "இவங்கல்லாம்தான்" என்றேன். நர்ஸ் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள்.

அவள் அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணினேன். வேறு யாராவது பண்ணட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாக்குக் கொடுத்தவள் நான். விஷயத்தை முழுக்கக் கேட்டாள். அப்புறம், "உசிரு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரியே பஸ் பிடித்து மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். என்னைவிடச் சின்னவள்தான், பார்க்க என் அக்கா மாதிரி இருந்தாள். பீடி சுற்றி விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. ரத்தம் இன்னும் உறையாமல், இரண்டாவது தடவையாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நேரம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மகளுடைய மற்றக் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வாங்கி வந்த இட்லி ஆறிக்கிடந்தது. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயந்திரம் மறுபடியும் குழாயில் ரத்தம் எடுத்து வைத்தார்கள். டாக்டர் வந்து குழாயைச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் ஓடவில்லை, ஜெல்லி மாதிரி நின்றது. "உறைஞ்சிடுச்சு. பொழச்சிட்டா" என்றார். வராந்தாவில் லைன் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். ஒடிசாக்காரி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்த அம்மா எழுந்து போய், ஆறிப்போன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் வீக்கம் வடிய, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க, இன்னும் சில நாள் வைத்திருந்தார்கள். அப்போதுதான் அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு ஆரம்பித்தது. நான் அங்கேயே இருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"போதும்ட்டி. வேலயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நம்ம ஊருக்குப் போயிருவோம். பாம்பு கெடக்க ஊருல ஒன்ன விட்டுட்டு நான் எப்படி ஒறங்குவேன்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால், ஏன், உங்க ஊர்ல பாம்பே இல்லையா என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். பெற்றவள் சொல்லும்போது எனக்கு என்ன வாய் இருக்கிறது? பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

மகள் வழக்கம்போல சத்தமில்லாமல்தான் பேசினாள். "அங்க வந்து நான் என்னம்மா செய்ய? ஒங்கூட ஒக்காந்து பீடி சுத்தணும். ஒன் விரலப் பாத்துக்கிட்டுத்தான சொல்லுதேன். இங்க எனக்கு வேல இருக்கு. லைன் லீடர் ஆக்குதோம்னு சொல்லிருக்காங்க. எங்கையில என் ரூம்புச் சாவி இருக்கும்மா. அந்தப் பூட்டத் தொறக்க ஒருத்தர்ட்டயும் கேக்க வேண்டாம்."

"சாவிதான் பெருசாட்டி? நான் பெருசில்லயா?"

அம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு பண்ணிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். காரணம் அவருக்குத் தெரிந்திருந்ததால் அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. நர்ஸ் சீட்டு எழுத வந்தாள். "ஒரு வாரம் கழிச்சி ரத்தம் பாக்கணும். நீங்க இருக்கிற ஊர்லயே சுகாதார நிலையத்துல பாத்துக்கலாம், எழுதித் தரேன். எந்த ஊரும்மா உனக்கு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டாள். அரசாங்கப் போர்டில் இருக்கிற மாதிரி முழுசாக இல்லை. நாங்கள் சொல்கிற மாதிரி, நடுவில் பாதியை முழுங்கிவிட்டு.

என் வயசில் எத்தனை பேரோடு இந்த ஊருக்காக வாதாடியிருக்கிறேன். நாத்தனாரோடு, தரகர்களோடு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடுகூட. ஒரு வார்த்தை வாதாடாமல் அன்றைக்கு ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷத்தோடு நிமிர்ந்தால், அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. மகளைச் சாவிடமிருந்து திரும்ப வாங்கிய கையோடு எங்கள் ஊருக்குப் பறிகொடுத்த முகம். எனக்கு மனசு தாங்கவில்லை.

"இல்லமா, அத எழுதாத" என்றேன் நர்ஸிடம். "அவங்க அம்மா ஊர எழுது. கால் சரியாவுற வரைக்கும் அங்க இருக்கட்டும். பெத்தவ கையால நாலு நாள் சாப்பிடட்டும்."

"எக்கா" என்று அவள் என்னை முறைத்தாள். முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்து கேட்டேன்.

"நீ கம்முனு இரு. உன் ரூம்பு எங்கியும் ஓடிப் போவாது. வேற யாருக்கும் விட மாட்டேன்."

அந்த அம்மா அப்போதுதான் என்னை நேருக்கு நேர் பார்த்தாள். அப்புறம் நர்ஸிடம் தன் ஊர்ப் பேரைச் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துச் சீட்டைக் கிழிக்கப் போனபோது, "செத்த பொறுங்கம்மா" என்று அவள் கையைத் தடுத்தாள்.

"அதுக்குக் கீழ இவ ஊரயும் எழுதிக்கிடுங்க. தை பொறந்ததும் நானே கொண்டாந்து விட்டுருவேன்."

"எந்த ஊரு, மறுபடி சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

நான் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஊர்ப் பேரை அந்த அம்மாதான் சொன்னாள்.